தேநீரின் இரு முனைகள்: மலையகத் தோட்டங்களிலும் தென் இலண்டனிலும் பெண்களின் உடல்நலமும் உரிமையும்

முன்னுரை

1939ஆம் ஆண்டில் பெண்களின் உடல்நலம் குறித்து இரண்டு ஆவணங்கள் வெளிவந்தன. ஒன்று, கொழும்பில் நிறைவேறிய 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். மற்றையது, மார்ஜரி ஸ்பிரிங் ரைஸ் எழுதி இலண்டனில் பெலிக்கன் வெளியீடாக வந்த ‘உழைக்கும் வர்க்க மனைவியர்’ என்னும் நூல். முன்னது தேயிலைக் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்ணையும் தன் வரம்புக்குள் கொண்டது. பின்னது அத்தேயிலையை ரொட்டியோடு சேர்த்துத் தன் பகலுணவாக்கிக் கொண்ட பிரித்தானியத் தொழிலாளியின் மனைவியைப் பற்றியது. இருவரும் ஒருவரையொருவர் அறியார். எனினும் ஒரே வணிகத்தின் இரு முனைகளில் நின்ற இவ்விருவரின் உடல்நலக் குறைகள் பெரிதும் ஒத்திருந்தன. குருதிச்சோகை, அடுத்தடுத்த பேறுகளின் தளர்ச்சி, குடும்பத்தில் கடைசியாக உண்ணும் வழக்கம் ஆகியன இருவருக்கும் பொதுவானவை.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் அவர்களின் பாதைகள் பிரிந்தன. அப்பிரிவினை வறுமை என்னும் ஒரே காரணத்தால் விளக்கிவிட இயலாது. குறைந்த செலவில் நல்ல உடல்நலம் எய்திய நாடுகளுள் ஒன்றாக இலங்கை உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. அந்நாட்டுக்குள்ளேயே ஒரு பகுதிப் பெண்கள் ஏன் பின்தங்கினர் என்பதே இக்கட்டுரையின் வினா. கூலி, உறைவிடம், வீட்டினுள் பங்கீடு ஆகியவற்றோடு குடியுரிமையும் உடல்நலத்தைத் தீர்மானித்தது என்பதை மலையகத்தின் வரலாற்றைக் கொண்டும், இன்று தமிழர் கணிசமாக வாழும் சட்டன் பகுதியின் சென் ஹீலியர் குடியிருப்பை ஒப்புநோக்கியும் இது நிறுவ முயல்கிறது.

லயமும் கொழுந்து மலையும்

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து இலங்கை மலைகளுக்கு வந்தோரில் ஆண்களே மிகுதி. அறுவடை முடிந்ததும் அவர்களுட் பலர் ஊர் திரும்பினர். 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே குடும்பமாகத் தங்கி உழைப்போர் தேவைப்பட்டனர். திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து பெண்கள் பெருந்தொகையாக வந்தது இம்மாற்றத்தின் விளைவாகும். கொழுந்து பறித்தல் பெண்களின் வேலையாயிற்று.

அவ்வேலையின் நாள் விடியுமுன் தொடங்கியது. அடுப்பு மூட்டி, உணவு சமைத்து, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்த பின் பெண் மலையேறினாள். செங்குத்தான சரிவில், மழையிலும் அட்டைக்கடியிலும், முதுகில் கூடையைச் சுமந்து நின்றபடியே பகல் கழிந்தது. நிறுவையில் குறித்த எடை வராவிடின் முழுப்பேர் இல்லை, அரைப்பேரே. மாலையில் விறகும் தண்ணீரும் மீண்டும் சமையலும் காத்திருந்தன. வேலைத்தலத்தில் கழிப்பிடம் இல்லாமையால் பகல் முழுதும் நீர் அருந்தாது இருந்துவிடும் பழக்கம் பரவியது. சிறுநீர்த்தொற்று அப்பழக்கத்தோடு வரும் நோய்.

வரிசையாகக் கட்டப்பட்ட லயத்தின் ஒற்றைக் காம்பராவே ஒரு குடும்பத்தின் சமையலறையும் படுக்கையறையும் பேறு பார்க்கும் அறையுமாக இருந்தது. புகை வெளியேற வழியில்லை. சுற்றிலும் மலக்கழிவு கலந்த ஈரமண். அம்மண்ணில் வெறுங்காலோடு நடந்தோரின் உடலுள் கொக்கிப்புழு புகுந்தது. அப்புழு குடலிலிருந்து குருதியை உறிஞ்சும். மாதவிடாயாலும் கருப்பத்தாலும் பாலூட்டலாலும் ஏற்கெனவே இரும்புச்சத்தை இழக்கும் பெண்ணுக்கு இது இரட்டை இழப்பாகும். கடுஞ்சோகையுள்ள தாய், மற்றையோர் தாங்கிக்கொள்ளும் அளவான பேற்றுக்குருதிப்போக்கிலேயே உயிரிழக்க நேரும். ராக்ஃபெல்லர் அறநிறுவனம் 1916இல் மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, பரிசோதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலானோரிடம் தொற்றுக் காணப்பட்டது. மருந்து கொடுப்பதற்குத் தோட்ட நிர்வாகங்கள் இசைந்தன. கழிப்பிடங்கள் கட்டும் செலவுக்கு அவை எளிதில் இசையவில்லை. எனவே மருந்தால் நீங்கிய புழு மண்ணிலிருந்து மீண்டும் ஏறியது. இப்பணியின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்தவர் சோம ஹேவா.

சட்டத்தில் ஒரு மாதம்

தோட்டத் தொழிலாளரின் உடல்நலம் குறித்துச் சட்டங்கள் இல்லாமலில்லை. 1872ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்ட மாவட்டங்களுக்கு மருத்துவ அலுவலர்களை ஏற்படுத்தியது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் அதனை விரிவாக்கியது. பேறு கண்ட பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளிக்க வேண்டும், மருத்துவர் தகுதியெனச் சான்றளித்தாலன்றி அக்காலத்தில் அவளை வேலைக்கு அழைக்கலாகாது என அது விதித்தது. காலனிய ஆட்சியில் பிறந்த இவ்விதி, அதே காலத்தில் தீவின் கிராமப் பெண்ணுக்குக் கிட்டாத பாதுகாப்பு என்பதை மறுக்க முடியாது.

ஆயினும் அப்பாதுகாப்பின் இயல்பைக் கவனித்தல் வேண்டும். உணவை அளப்பவரும், ஓய்வை அனுமதிப்பவரும், அவை நிறைவேறியதாகப் பதிவு செய்பவரும் தோட்ட நிர்வாகத்தினரே. பெண்ணுக்கு அது உரிமையாக அன்றி, துரையின் கடமையாகவே எழுதப்பட்டிருந்தது. கடமை தவறினால் முறையிடுவதற்குக் கணக்கப்பிள்ளையையும் கங்காணியையும் தாண்டிச் செல்ல வேண்டும். கங்காணியிடமோ அக்குடும்பத்தின் கடன் இருந்தது. கடனோடு தொழிலாளரை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிய துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் நீக்கப்பட்டது.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கூலியை நிலைப்படுத்தியது. அத்துடன் ஏற்றத்தாழ்வையும் அரச ஏட்டில் ஏற்றியது. அச்சட்டத்தின் கீழ் மலைநாட்டில் ஆணின் நாட்கூலி 54 சதம், பெண்ணின் நாட்கூலி 43 சதம். அக்கூலியையும் பெரும்பாலும் கணவனே பெற்றுக்கொண்டான். இந்நடைமுறையைத் தோட்டப் பெண்கள் பற்றிய தம் ஆய்வில் ரேச்சல் குரியன் எடுத்துக்காட்டியுள்ளார். பெண்ணின் உழைப்பு குடும்பத்தின் வருவாயாயிற்று. அவ்வருவாயை எதற்குச் செலவிடுவது என்பதில் அவளுடைய சொல் சிறிதாகவே இருந்தது. சில குடும்பச் செலவு அளவீடுகளில் தோட்டக் குடும்பங்களின் கலோரி நுகர்வு மற்றைய பகுதிகளைவிடத் தாழ்ந்ததாகத் தெரியாதபோதும் அங்குள்ள பெண்களின் உடல் மெலிந்தே காணப்பட்டமைக்கு விடை இங்கே உள்ளது. குடும்பத்துக்குள் வந்த உணவு எவ்வளவு என்பதோடு, அது யார் தட்டில் எந்த வரிசையில் விழுந்தது என்பதும், அதனை உண்ட உடல் எவ்வளவு உழைத்தது என்பதும் கணக்கில் சேர வேண்டியவை.

இந்நிலையை அக்காலத்திலேயே பொதுவெளியில் பேசியோர் உண்டு. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளரின் துயரைப் பாடல்களாக இயற்றித் தோட்டங்களில் தாமே பாடிப் பரப்பினார். சட்ட ஏடுகளில் பெயரின்றி ‘பெண் தொழிலாளி’ எனக் குறிக்கப்பட்டவளை அப்பாடல்கள் மக்கள்முன் பேச வைத்தன.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டம் ஒரு படி முன்னேறியது. பேற்றுக்கால உதவியை அது முதன்முறையாகப் பணமாகப் பெறும் உரித்தாக்கியது. எனினும் தோட்டங்களுக்கு ஒரு விலக்கு அளித்தது. அங்கீகரிக்கப்பட்ட பேற்று விடுதி உள்ள தோட்டங்கள் பணத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாக உணவும் இடமும் மருத்துவிச்சியின் உதவியும் வழங்கலாம். கடைத்தெருவில் எதை வாங்குவது எனத் தீர்மானிக்கும் உரிமை இதனால் மீண்டும் நிர்வாகத்திடமே ஓரளவு திரும்பியது.

தென் இலண்டன்: வீடும் வாடகையும்

மலைநாட்டின் தேயிலை இலண்டன் மின்சிங் லேனில் ஏலம் போன அதே ஆண்டுகளில், அந்நகரின் நெரிசலான சேரிகளிலிருந்து குடும்பங்கள் தெற்கே பெயர்க்கப்பட்டன. இலண்டன் மாநகர சபை 1928 முதல் 1936 வரை கட்டிய சென் ஹீலியர் குடியிருப்பு இன்றைய சட்டன், மேர்ட்டன் மாநகரப் பகுதிகளில் பரந்துள்ளது. ஏறத்தாழ 9,000 வீடுகள். ஒவ்வொன்றுக்கும் குளியலறையும் தோட்டமும் இருந்தன. சபையின் மூத்த உறுப்பினராக இருந்த சென் ஹீலியர் சீமாட்டியின் பெயர் அதற்கு இடப்பட்டது. லயத்தின் ஒற்றைக் காம்பராவோடு ஒப்பிடுகையில் இது வேறோர் உலகம்.

ஆனால் நல்ல வீடு மட்டும் நல்ல உடலைத் தராது என்பதை அதே காலத்து ஆய்வொன்று காட்டியது. ஸ்டொக்டன்-ஒன்-டீஸ் நகரின் மருத்துவ அலுவலர் மக்கோனிகல், சேரியிலிருந்து புதுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டோரிடையே இறப்பு வீதம் உயர்ந்ததைக் கண்டறிந்து 1936இல் நூலாக வெளியிட்டார். வாடகை கூடியதால் உணவுக்கான பணம் குறைந்ததே அவர் கண்ட காரணம். 1926இல் மோர்டன் வரை நீண்ட நிலக்கீழ் இரயிலில் வேலைக்குச் சென்று திரும்பிய தொழிலாளியின் வீட்டில், வாடகையோடு பயணச் செலவும் உணவுப் பணத்துக்கு முன்னே நின்றது. குறைத்துக்கொள்ளக்கூடிய செலவாக எஞ்சியது தாயின் தட்டு ஒன்றே.

ஸ்பிரிங் ரைஸின் நூல் இதனை நாடளாவிய சான்றுகளோடு விளக்கியது. 1933இல் அமைந்த பெண்கள் உடல்நல விசாரணைக் குழு திரட்டிய 1,250 மணமான பெண்களின் விவரங்கள் அதன் அடிப்படை. அவர்களுள் நல்ல உடல்நிலையில் இருந்தோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. குறைகளுள் முதலிடம் குருதிச்சோகைக்கு. தலைவலி, மூட்டுவலி, கெட்ட பற்கள், பேற்றின்பின் சீராகாத உள்ளுறுப்புகள் ஆகியன தொடர்ந்தன. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் இறைச்சி. தனக்கு ரொட்டியும் தேநீரும். பலர் தம் நோயை நோயென்றே எண்ணவில்லை.

இங்கும் வறுமையோடு சட்டமும் சேர்ந்தது. 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டம் காப்புறுதி செலுத்திய தொழிலாளிக்கு வைத்தியரை அளித்தது. வீட்டில் உழைத்த அவன் மனைவிக்கு அளிக்கவில்லை. பேற்றின்போது ஒருமுறை வழங்கப்பட்ட 30 ஷில்லிங் உதவித்தொகை தவிர அவளுக்கு அதில் இடமில்லை. ஊதியமில்லா உழைப்பு உரிமையில்லா உழைப்பாகவும் இருந்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. இங்கிலாந்தில் 1935 வரை 1,000 பிறப்புகளுக்கு 4 என்ற அளவில் அசையாது நின்ற தாய் மரண வீதம், செல்வர் வறியோர் என்ற பிரிவை எளிதாகப் பின்பற்றவில்லை. கிருமித்தொற்றும் தேவையற்ற கருவிப்பேறும் வசதியுள்ள பெண்களையும் கொன்றன. 1936இல் குயின் சார்லட் மருத்துவமனையில் கோல்புரூக் சோதித்த சல்பா மருந்துகளுக்குப் பின்னரே அவ்வீதம் விரைந்து சரிந்தது. ஆகவே ஏற்றத்தாழ்வின் தடயத்தை மரணப் பதிவேட்டில் மட்டும் தேடுதல் போதாது. சாவாமல் நோயோடு வாழ்ந்த ஆண்டுகளில் அதனைத் தேட வேண்டும். ஸ்பிரிங் ரைஸ் நூலின் நிலையான பெறுமதி அதுவே.

1948: இரு சட்டங்கள்

1948 ஜூலை 5ஆம் நாள் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை நடைமுறைக்கு வந்தது. 1938இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1941இல் திறக்கப்பட்ட சென் ஹீலியர் மருத்துவமனையும் அதன் பகுதியாயிற்று. இச்சேவைக்குத் தகுதி காப்புறுதியோ கணவனின் வேலையோ அன்று. நாட்டில் வாழ்தலே தகுதி. பல்லாண்டுகளாகத் துணியால் கட்டி மறைத்துவந்த கருப்பை இறக்கத்தோடு பெண்கள் வைத்தியரிடம் வரத் தொடங்கியதைப் பின்னாளில் பல வைத்தியர்கள் நினைவுகூர்ந்தனர். அந்நோய்கள் புதியன அல்ல. அவற்றைக் காட்டும் உரிமையே புதியது.

அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் இலங்கையின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் 7 உறுப்பினரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்த மலையகத் தமிழருட் பெரும்பாலானோர் நாடற்றோராயினர். 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று.

குடியுரிமைக்கும் பேற்று அறைக்கும் இடையேயான தொடர்பு வெளிப்படையானதன்று. 1931இல் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தபின், இலங்கையில் கிராம வைத்தியசாலையும் பேற்று விடுதியும் மருத்துவிச்சியும் தொகுதி உறுப்பினரிடம் வாக்காளர் கேட்டுப் பெறும் பொருள்களாயின. பயிற்சி பெற்ற அரச மருத்துவிச்சி வீடு வீடாகச் சென்றார். 1930களில் 1,00,000 உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000 என்ற அளவை ஒட்டி நின்ற தாய் மரண வீதம் 1950 அளவில் 600க்கும் கீழே இறங்கியது. 1946இல் பெண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 41.6 ஆண்டு, ஆண்களுடையது 43.9. பெண்ணின் ஆயுள் ஆணினதைவிடக் குறைந்திருந்த அந்நிலை 1960களில் மாறியது. ஆனால் வாக்கில்லாத தோட்டத்துக்கு உறுப்பினர் எவரும் மருத்துவிச்சியைக் கேட்கவில்லை. தோட்ட மக்களின் நலம் நிர்வாகத்தின் பொறுப்பு என்ற காலனியக் கொள்கை விடுதலைக்குப் பின்னரும் நீடித்தது.

இதற்குரிய சான்று குழந்தை இறப்பு வீதத்தில் உள்ளது. 1930களில் தோட்டங்களின் வீதம் நாட்டின் பொது வீதத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கவில்லை. தாழ்நிலக் கிராமங்களை வாட்டிய மலேரியா உயர்மலைகளில் குறைவு. 1970களின் தொடக்கத்தில் நாட்டின் வீதம் 1,000 பிறப்புகளுக்கு 50 என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. தோட்டங்களின் வீதம் அதனைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக நின்றது. தோட்டங்கள் மேலும் வறுமையுற்றதால் மட்டும் இவ்விடைவெளி தோன்றவில்லை. மற்றையோர் முன்னேறிய வழி இவர்களுக்கு அடைபட்டிருந்தது.

பசியின் ஆண்டுகளும் பின்னரும்

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை இரு நாடுகளுக்கும் பகிர்ந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீடு 1974இல் முடிவாயிற்று. அதே காலத்தில் 1972, 1975 நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1973–74 உணவு நெருக்கடியில் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தன. கிராமத்தவருக்கு வீட்டுத்தோட்டமும் வயலும் ஓரளவு கைகொடுத்தன. லயத்தில் வாழ்ந்தோருக்குச் சொந்தமாக ஒரு பாத்தி நிலமும் இல்லை. தோட்டங்களின் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது.

பின்னர் வந்த முன்னேற்றங்களையும் பதிவு செய்தல் நேர்மையாகும். 1984 வேலைநிறுத்தத்தின்பின் ஆண் பெண் கூலி சமமாயிற்று. நாடற்றோர் சிக்கல் 1980களின் சட்டங்களாலும் இறுதியாக 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் தீர்ந்தது. வாக்கு மீண்டதும் அரச சுகாதாரப் பணியாளர் தோட்டங்களுக்குள் வரலாயினர். பேறுகள் வைத்தியசாலைகளுக்கு மாறின. எனினும் அரச சேவை தோட்டப் பெண்ணை முதலில் நெருங்கிய வழிகளுள் ஒன்று கருத்தடை. பண ஊக்குவிப்பு வழங்கப்பட்ட 1980களில் நிரந்தரக் கருத்தடை செய்துகொண்டோரின் பங்கு கிராமங்களையும் நகரங்களையும்விடத் தோட்டங்களில் உயர்ந்திருந்தது. தமிழ் பேசும் பணியாளர் அரிதான சூழலில், விளக்கம் கேட்டு இசைவு தருதல் எந்த அளவுக்கு இயன்றிருக்கும் என்னும் வினா அவ்வெண்களோடு சேர்த்து வாசிக்கப்பட வேண்டியது.

1985இல் ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் ஆதரவில் பெலாஜியோவில் கூடிய அறிஞர்கள், சீனா, கொஸ்தரிக்கா, கேரளம் ஆகியவற்றோடு இலங்கையையும் குறைந்த செலவில் நல்ல உடல்நலம் எய்திய நிலப்பகுதியாகக் கொண்டாடினர். அக்கொண்டாட்டம் பிழையன்று. ஆனால் நாட்டின் சராசரி, அதே நிறுவனம் எழுபது ஆண்டுகளுக்கு முன் கொக்கிப்புழுவைத் தேடிச் சென்ற லயங்களை மறைத்தது. 2016ஆம் ஆண்டின் மக்கட்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் 17 வீதம், தோட்டங்களில் 32 வீதம். குட்டையான குழந்தைக்குப் பின்னால் மெலிந்த தாய் இருக்கிறாள். அவளுக்குப் பின்னால் அவளைப் பெற்ற, அரைப்பேருக்கு உழைத்த தாயும் இருக்கிறாள். ஒரு தலைமுறையின் குறைபாடு கருவழியே அடுத்ததற்குச் செல்வதால், சட்டம் திருந்திய ஆண்டிலேயே உடல் திருந்திவிடுவதில்லை.

முடிவுரை

பிரித்தானியாவின் 1948 ஏற்பாடும் ஏற்றத்தாழ்வை ஒழித்துவிடவில்லை. அச்சேவை தோன்றி முப்பதாண்டுகளுக்குப் பின்னரும் வர்க்கங்களுக்கிடையே இறப்பு வேறுபாடு நீடித்ததை 1980இன் பிளாக் அறிக்கை எடுத்துரைத்தது. அண்மைய தாய் மரண ஆய்வுகள், வெள்ளை இனப் பெண்களைவிட ஆசியப் பெண்களின் இறப்பு வீதம் உயர்ந்ததெனவும், கறுப்பினப் பெண்களுடையது அதனினும் உயர்ந்ததெனவும் காட்டிவருகின்றன. சென் ஹீலியர் குடியிருப்பு இன்றும் சட்டனின் வசதி குறைந்த பகுதிகளுள் ஒன்று. அங்குள்ள மருத்துவமனையின் மகப்பேற்று உள்ளிட்ட தீவிர சேவைகளை பெல்மொன்டில் அமையும் புதிய கட்டடத்துக்கு மாற்ற 2020இல் எடுக்கப்பட்ட முடிவை எதிர்த்தோர், வறிய பெண்களிடமிருந்து சேவை விலகிச் செல்கிறது என்னும் வாதத்தையே முன்வைத்தனர்.

அதே தென் இலண்டனில், 1983க்குப் பின் புகலிடம் தேடி வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றியுள்ளன. அவர்களுள்ளும் பின்வந்தோருள்ளும் வதிவிட உரிமை பெற்ற பெண்ணுக்குப் பேற்று மருத்துவம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. புகலிடக் கோரிக்கை மறுக்கப்பட்ட பெண்ணுக்கோ இங்கிலாந்தில் பேற்றுக்கான கட்டணச் சீட்டு வருகிறது. 2015 முதல் அக்கட்டணம் சேவையின் செலவைப் போல் 150 வீதம் வரை உயரலாம். வாழ்தலே தகுதி என்னும் 1948இன் கோட்பாடு, குடிவரவுத் தகுதியே தகுதி என்பதாக ஓரத்தில் மாறிவருகிறது. கட்டணத்துக்கு அஞ்சிப் பேற்றுக்கு முந்திய பரிசோதனையைத் தள்ளிப்போடும் பெண்ணின் நிலையும், முறையிட வழியின்றி லயத்தில் பேறு கண்டவளின் நிலையும் ஒன்றல்ல. ஆனால் ஒரே வகையைச் சேர்ந்தவை.

பெண்களின் உடல்நலத்தை உணவு, உறைவிடம், மருந்து என்னும் மூன்றால் மட்டும் அளக்கும் ஆய்வுகள் மலையகத்தின் பின்னடைவை விளக்கப் போதியனவல்ல. மருத்துவிச்சியைக் கேட்டுப் பெறும் அரசியல் உரிமை அம்மூன்றுக்கும் முன்னே நிற்கிறது. அவ்வுரிமை பறிக்கப்பட்ட நாள் 1948 நவம்பர் 15. அது முழுமையாக மீள 55 ஆண்டுகள் ஆயின. அந்த 55 ஆண்டுகளின் கணக்கு இன்றும் தோட்டத்துப் பிள்ளைகளின் உயரத்தில் பதிவாகிறது. மலையக ஆய்வுகளில் குடியுரிமை வரலாறும் சுகாதார வரலாறும் தனித்தனி இயல்களாக எழுதப்பட்டு வந்துள்ளன. அவற்றை ஒன்றாக வாசிப்பது இனிவரும் ஆய்வாளரின் கடன்.